ஹாட் ஸ்பிரிங்ஸ் கோவ், டொஃபினோ: மழை பெஞ்சா கேன்சல் பண்ணாதீங்க

கனடாவுல வான்கூவர் தீவுல இருக்குற டொஃபினோ ஊர்ல இருந்து போற வெந்நி ஊத்து தான் இந்த ஹாட் ஸ்பிரிங்ஸ் கோவ். 2018 செப்டம்பர் கடைசியில போனது, லேட் ரிவ்யூ தான், ஆனா வான்கூவர் பக்கம் வர்ற நம்மாளுங்க அடிக்கடி கேக்குறாங்க அதான் எழுதிடுறேன். தென்காசியில இருந்து அம்மா வந்திருந்தாங்க, நான், வீட்டுக்காரி, அம்மா மூணு பேரும் போட் டூர் புக் பண்ணியாச்சு, காலைல எந்திரிச்சுப் பாத்தா மழை ஊத்து ஊத்துன்னு ஊத்துது. டொஃபினோ வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல மழை வாங்குற ஊரு, அங்க போயி வெயில எதிர்பார்த்தது என் தப்பு தான். கேன்சல் பண்ணிரலாமான்னு மெதுவா கேட்டேன், "மழைக்குப் பயந்தா குத்தாலத்துல எவன் குளிப்பான், கெளம்புல"ன்னுட்டாங்க அம்மா.

ரோடே கிடையாது, போட்ல கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம், இல்லாட்டி கடல் விமானத்துல 20 நிமிஷம். நாங்க போட். கூரை இல்லாத சின்ன போட்னா மிதக்குற முழு சூட் ஒண்ணு குடுத்து மாட்டிக்க சொல்வாங்க, அத போட்டா விண்வெளிக்கு போற மாதிரி இருக்கும், வயசானவங்க கூட வந்தா மூடுன போட்டா கேட்டு புக் பண்ணுங்க. எங்க போட் கிளம்புறதே முக்கால் மணி நேரம் லேட்டு, ஆனா திரும்புற டைம் மட்டும் மாத்தவே மாட்டேன்னுட்டாங்க, அந்த முக்கால் மணி நேரம் எங்க குளியல் நேரத்துல இருந்து தான் கொறஞ்சுது. கம்பெனி பேர் வேண்டாம், காசு குடுக்கறதுக்கு முன்னாடி கரையில எவ்ளோ நேரம் விடுவீங்கன்னு மட்டும் கேட்டு வச்சுக்கோங்க.

இறங்குன எடத்துல இருந்து ஊத்து வரைக்கும் சுமார் 2 கிலோமீட்டர், பூரா மரப்பலகை நடைபாதை, ஏறி இறங்குற படி நிறைய. இந்த நடைய யாரும் சொல்றதே இல்ல, எல்லாரும் குளியல பத்தி மட்டும் தான் பேசுறாங்க, எனக்கு என்னவோ பாதி காசு இந்த காட்டுக்கே குடுக்கலாம்னு தோணுச்சு. செடார், ஹெம்லாக், ஸ்ப்ரூஸ்னு வெட்டே படாத பழைய மரம், மேல மழை கொட்டுது ஆனா கீழ நமக்கு வர்றது சொட்டு மட்டும் தான், அதுவும் அஞ்சு நிமிஷம் லேட்டா வர்ற மாதிரி. ஒரு பெரிய செடார் எப்பவோ சாஞ்சு கெடக்கு, அது முதுகு மேலயே ஹெம்லாக் கன்னுங்க வரிசையா வேர் விட்டு நிக்குது, அம்மா அந்த பாசிய தொட்டுப் பாத்துட்டு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. கிளேக்குவாட் சவுண்ட்ங்கற இந்த கடல் பகுதி பக்கத்து காட்ட வெட்டக் கூடாதுன்னு 1993ல மறியல் பண்ணி 800 பேருக்கு மேல கைதானாங்க, உள்ள நடந்து பாத்தா ஏன்னு புரியும்.

நாங்க போனப்ப நடைபாதை பலகை நிறையத்துல இங்க வந்த படகுங்க பேரு, வருஷம் எல்லாம் செதுக்கி வச்சிருந்தாங்க. "கோயில் படியில உபயம்னு வெட்டிருப்பாங்கள்லா, அதே தான்"னாங்க அம்மா, அதுக்கப்புறம் மிதிக்கறதுக்கு யோசிச்சு யோசிச்சு கால் வச்சாங்க. ஈரத்துல நல்லா வழுக்கும், செருப்பு வேண்டவே வேண்டாம், கிரிப் உள்ள ஷூ போடுங்க.

அப்புறம் ஊத்து. தண்ணி வெளிய வர்ற எடத்துல 50 டிகிரி இருக்கும், கை வைக்க முடியாது. எரிமலையெல்லாம் கிடையாதாம், மழைத்தண்ணியே பாறை வெடிப்பு வழியா பல கிலோமீட்டர் ஆழம் எறங்கி சூடாகி திரும்ப மேல வருது. ஓடை மாதிரி ஓடி வந்து சின்ன அருவியா விழுந்து, அப்படியே பாறை இடுக்குல குழி குழியா எறங்கி கடைசியில கடல்ல சேருது. அருவிக்குக் கீழ சுடிதாரோட நின்ன அம்மா, "ஏல, இது ஐந்தருவில யாரோ வெந்நி ஊத்துன மாதிரில்லா இருக்கு"ன்னு கத்துறாங்க. கழுத்து வரைக்கும் சூடு, தலைல பச்சத் தண்ணி மழை, மூஞ்சி பூரா ஆவி. கடைசி குழியில போயி உக்காந்தேன், திடீர்னு ஒரு கடல் அலை பாறைய தாண்டி உள்ள வந்து இடுப்ப ஐஸ்ல வச்ச மாதிரி ஆயிடுச்சு, ரெண்டே மூச்சுல மறுபடி சூடு. வெயில் நாள்ல போயிருந்தா இதுல பாதி சுகம் இருந்திருக்காது, இது என் கணக்கு.

குறைன்னா எடம் ரொம்ப குறுகல், ரெண்டு போட் ஆளுங்க ஒண்ணா வந்துட்டா பஸ்ல நிக்கற மாதிரி நிக்கணும், முத போட்ட புடிங்க. கடல் ஏத்தமா இருந்தா கீழ் குழி ரெண்டு மூணு முங்கிடும், அதனால கடல் ஏத்த இறக்க நேரம் பாத்துட்டு போங்க. துணி மாத்த ரூம் இருக்கு, கழிப்பறை இருக்கு, கடை ஒண்ணும் கிடையாது, நாங்க புளியோதரை கட்டிட்டு போனோம். நடைபாதை வேலைன்னு இடையில மூடவும் செய்வாங்க, பார்க் வெப்சைட்ல பாத்துட்டு புக் பண்ணுங்க. மாத்துத் துணிய ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி எடுத்துட்டு போங்க, எங்களுது ஒரு கவர் தான், வீட்டுக்காரி திரும்பி வர்ற வழி பூரா ஈர ஸ்வெட்டரோட நடுங்கிட்டே வந்தா. சோப்பு எண்ணெய் எதுவும் எடுத்துட்டு போகாதீங்க, அந்த தண்ணி நேரா கடலுக்கு தான் போகுது. அம்மா எனக்குத் தெரியாம நல்லெண்ணெய் பாட்டில் கொண்டு வந்திருந்தாங்க, மூடி தொறக்க விடல, அந்த கோவம் தென்காசி போயும் ஒரு வாரம் இருந்துச்சு.