ஏழு நிமிடம் காக்கவைத்த கணினி: மூன்றாண்டு அனுபவம்

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2014-இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், கோப்புகளைச் சேமிக்கும் வட்டாக 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். மனைவியின் தையல் கணக்கு, மகளின் படிப்பு, அப்பாவின் கடைசிக் காலப் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான். 2022 மழைக்காலத்தில் அது திறப்பதற்குள் பொறுமை போய்விடும். மனைவி பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போவாள். மூன்று தோசை வார்த்துவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் வெள்ளைப் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருக்கும்.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். குப்பைக் கோப்புகளைத் துடைக்கும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவினேன். கணினி திறக்கும்போது தானாக ஓடும் நிரல்களில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. பிறகு, என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்றவற்றை நிறுத்தினேன். அரை நிமிடம் குறைந்தது. பழுது பார்ப்பவர் விண்டோஸ் இருந்த பகுதியை மட்டும் ஃபார்மட் செய்து, அதாவது அழித்து, விண்டோஸ் 10-ஐப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதை.

அதன் பிறகுதான் அளந்து பார்க்கத் தோன்றியது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கணினியில் நடப்பதைக் குறித்துவைக்கும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் 'டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்' என்ற பதிவேடு இருக்கிறது. கணினி திறக்க எடுத்த நேரம் 100 என்ற எண்ணுள்ள பதிவில் மில்லி விநாடிக் கணக்கில் இருக்கும். என்னுடையது 4,12,000, அதாவது ஏறக்குறைய ஏழு நிமிடம். அளக்கும்போது ஷட் டவுன் செய்து திறக்காமல் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், ஷட் டவுனின்போது இயங்குதளத்தின் உட்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எழுகிறது. முழுமையாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

டாஸ்க் மேனேஜரில் வட்டின் பயன்பாடு 100 விழுக்காட்டில் நின்றது. ஆனால் படிக்கும் வேகமோ விநாடிக்கு ஒரு மெகாபைட்கூட இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் வட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி அதை உறுதிசெய்தது. 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரியில் சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எண் இருந்தது. வட்டால் படிக்க முடியாத பகுதிகளின் கணக்கு அது. அப்படியொரு பகுதி வந்தால் வட்டு விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். விண்டோஸ் அதுவரை காத்திருக்கும். பெட்டியில் காதை வைத்தேன். டிக்... டிக்... என்று சீராக ஓர் ஒலி. இத்தனை நாளும் அதை மின்விசிறியின் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

அன்று இரவு வேறு எதையும் தொடவில்லை. வெளி வட்டு ஒன்றை வாங்கிவந்து அப்பாவின் படங்களைத்தான் முதலில் நகலெடுத்தேன். பதினொரு படங்கள் திறக்கவே இல்லை. நல்லவேளையாக அவற்றில் ஒன்பது என் தங்கையின் கைப்பேசியில் இருந்தன. மீதி இரண்டும் போயே போய்விட்டன. கணினி மெதுவானால் முதலில் நகலெடுங்கள், பிறகு பழுது பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் மன்றாடுவது இதனால்தான். ஃபார்மட் செய்வது அதற்கும் பிறகு.

பிறகு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சில்லுகளில் சேமிக்கும் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் இன்னொரு 4 ஜிபி ரேமும் பொருத்தினோம். ஏழு நிமிடம் 26 விநாடியானது. இதில் மாயம் எதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும். அதைப் படிக்கும் முனையும் சரியான தடத்துக்கு நகர வேண்டும். ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கும்போது இந்தக் காத்திருப்பெல்லாம் சேர்ந்துவிடுகிறது. எஸ்எஸ்டியில் சுழலவும் நகரவும் எதுவும் இல்லை.

2023 கோடையில் மீண்டும் இரண்டு நிமிடம் ஆகத் தொடங்கியபோது எஸ்எஸ்டியும் போய்விட்டதோ என்று பயந்தேன். தவறு என்னுடையது. பழைய வட்டைக் கூடுதல் இடத்துக்காகப் பெட்டிக்குள்ளேயே விட்டிருந்தேன். கணினி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த நோயாளியின் பதிலுக்காகக் காத்திருந்தது. அதன் கேபிளைக் கழற்றியதும் 27 விநாடி.

சென்ற ஆண்டு, கணினியின் தேதி பின்னோக்கிப் போய், திறக்கும்போதெல்லாம் எஃப்1 விசையை அழுத்தச் சொன்னது. மதர்போர்டில் இருந்து, கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றியதும் சரியானது.

இப்போது மாதத்தின் முதல் தேதியில் ரீஸ்டார்ட் செய்து, ஆகும் விநாடிகளை நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் மகள் எழுதிவைக்கிறாள். இந்த மாதம் 29. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பெண்டிங் செக்டர் வரியையும் அன்றே பார்த்துவிடுகிறோம். அப்பாவின் படங்கள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன; ஒன்று தங்கை வீட்டில்.