டீசல் விசைப்படகுக்கு ஒற்றை சென்சார் மீட்டர் விற்கிறார்கள், உஷார்

நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் அந்த நேரம் பார்த்துத்தான் விற்பனையாளர்கள் துறைமுகத்தைச் சுற்றி வருவார்கள். அப்படி வந்த ஒருவர், டீசல் செலவைத் திரையில் லிட்டர் கணக்கில் காட்டும் செட் ஒன்றை 38,000 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார். டெமோ காட்டியது பெட்ரோல் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) பூட்டிய சின்ன ஃபைபர் படகில். அதில் சரியாகத்தான் வேலை செய்தது. "டீசலுக்கும் இதேதாண்ணே, குழாயில ஓடுறத எண்ணிக் காட்டும், அவ்வளவுதான்" என்றார்.

பித்தலாட்டமே அங்கேதான். அந்த அவுட்போர்டில் டேங்கிலிருந்து போகும் பெட்ரோல் முழுக்க எரிந்துவிடும். டீசல் எஞ்சினில் ஃபீட் பம்ப் தேவைக்கு மேல் இழுக்கும். எரிந்தது போக மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பும். போகிற குழாயில் ஒரு சென்சார், திரும்புகிற குழாயில் ஒரு சென்சார் வைத்துக் கழித்தால்தான் உண்மையான செலவு தெரியும். இவர் பூட்டியது ஒன்றே ஒன்று.

கடலுக்குப் போனதும் மணிக்கு 60 லிட்டர் என்று திரை காட்டியது. டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தால் 20 லிட்டரை ஒட்டித்தான் குறைந்திருந்தது. புகார் சொன்னதும் ஒரு பையனை அனுப்பினார். ஒரு லிட்டர் ஓடினால் சென்சார் எத்தனை பல்ஸ் (மின்துடிப்பு) அனுப்பும் என்ற எண்ணை அவன் மெனுவில் மாற்ற, வலை இழுக்காத வெறும் ஓட்டத்தில் திரையும் குச்சியும் ஒத்துப்போயின.

வலை இழுக்கும்போது வண்டவாளம் தெரிந்தது. அப்போது எஞ்சின் சுற்று குறைவு, பாரம் அதிகம். எஞ்சின் கூடுதலாக எரிக்கும், திரும்புவது குறையும். திரையோ வெறும் ஓட்டத்தின் விகிதத்திலேயே கணக்குப் போட்டுக் குறைத்துக் காட்டியது. டீசல் மிச்சம் இருக்கிறது என்று திரை சொல்லும், டேங்கில் இருக்காது. இதைக் கேட்டதற்கு அந்த ஆள் சொன்ன பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை: "உங்க டிரைவர் வித்திருப்பாரு, விசாரிங்க." மீட்டர் விற்க வந்தவர், என்னோடு பல வருஷமாகக் கடலுக்கு வரும் மனிதர் மேல் திருட்டுப் பழி போடுகிறார்.

இரண்டு சென்சார் செட் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். மணிக்கு 100 லிட்டர் போய் 80 திரும்புகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சென்சாரிலும் 2 சதவீதம் பிழை, எதிரெதிர்த் திசையில் இருந்தால், மொத்தம் 3.6 லிட்டர். எரிந்த 20 லிட்டரில் அது 18 சதவீதம்! அதனால் ஜோடியாக அளவு பார்த்துப் பொருத்திய சென்சார்களா என்று கேளுங்கள். திரும்பும் டீசல் சூடாகி விரிந்திருக்கும், அதையும் கணக்கில் எடுக்கிறதா என்று கேளுங்கள். காமன் ரெயில் எஞ்சின் (டீசல் பீய்ச்சுவதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் எஞ்சின்) வைத்திருப்பவர்கள் முதலில் மெக்கானிக்கிடம் பேசுங்கள். அந்த எஞ்சினின் கம்ப்யூட்டரே செலவைக் கணக்கிடுகிறது, பல மாடல்களில் அதை என்எம்இஏ 2000 என்ற, படகுக் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் இணைப்பு வழியாகத் திரைக்குக் கொண்டுவரலாம். தனி சென்சாரே தேவைப்படாது.

டேங்க் மட்டம் காட்டும் கேஜிலும் இதே ஆள் கைவரிசையைக் காட்டினார். காலிக்கு 240 ஓம், ஃபுல்லுக்கு 33 ஓம் மின்தடையை எதிர்பார்க்கும் கேஜுக்கு, காலியில் 10 ஓமும் ஃபுல்லில் 180 ஓமும் தரும் மிதவையைக் கோர்த்துவிட்டார். டேங்க் காலியானால் முள் ஃபுல்லைத் தாண்டுகிறது, நிரப்பினால் கீழே இறங்குகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் பில்லைக் காட்டுகிறார். அதில் 'மரைன் உதிரிபாகம்' என்று மட்டும் இருக்கிறது, மாடல் எண் இல்லை. நீங்கள் வாங்கினால் மாடலையும், ரிட்டர்ன் சென்சார் உண்டு என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசியில், "தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் கோர்ட்டில் செல்லாது" என்று மிரட்டல் வேறு. சுயதொழிலில் பிழைப்பு நடத்த மட்டும் வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் மனு போடவேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். இதே செட்டை வாங்கி ஏமாந்தவர்கள் பில்லோடு என்னிடம் பேசுங்கள்.