ஐஸ் போடாத ஓரியோ ஷேக்: மூன்று கோடை அனுபவம்

எங்கள் மிக்ஸிக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. ஓரியோ ஷேக் செய்ய, உறைந்த பாலைச் செங்கல் மாதிரி அப்படியே ஜாருக்குள் இறக்கி, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அசைவே இல்லை. மோட்டார் புகைந்துவிட்டது, ரிப்பேர் செலவு வந்துவிட்டது என்று முழித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் வந்து மிக்ஸியைக் கவிழ்த்தார், அடியில் துருத்திக்கொண்டிருந்த பொத்தானை உள்ளே அழுத்தினார். ஓடியது. பளு தாங்காதபோது மோட்டாரைக் காப்பாற்றத் தானாகவே மின்சாரத்தை நிறுத்தும் அமைப்பு அது. எங்களுடையது 750 வாட். அதற்கே பால் கட்டியின் முன்னால் மூச்சு நின்றுவிட்டது.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் தெருவில் பேச்சு தமிழ், பஸ் ஏறினால் ஒரு பக்கம் சித்தூர், இன்னொரு பக்கம் பொள்ளாச்சி. மார்ச் பிறந்தால் வெயில் ஆளை வாட்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே கூல்பார் வாசலில் பிரேக் போட்டுவிடுவார்கள். மூத்தவளுக்கு ஓரியோ ஷேக், சின்னவனுக்கும் அக்கா குடிப்பதேதான் வேண்டும். நான்கு பேராகப் போனால் ஐநூறு ரூபாய்த் தாள் போன இடம் தெரியாது. வீட்டிலேயே செய்துவிடலாம், பிஸ்கட்டும் பாலும்தானே என்று தொடங்கியது இப்படித்தான். இப்போது மூன்று கோடை முடிந்துவிட்டது. வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மதியம்.

முதல் கோடை முழுக்கத் தோல்வி என்றே சொல்ல வேண்டும். பால், பிஸ்கட், சர்க்கரை, ஒரு கைப்பிடி ஐஸ் கட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு நிமிடம் அரைப்பேன். ஊற்றும்போது நுரை பொங்கிப் பார்க்க நன்றாகவே இருக்கும். மேஜைக்குக் கொண்டுபோய் வைப்பதற்குள் மூன்று அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெறும் நுரை, நடுவில் சர்க்கரைத் தண்ணீர், அடியில் கறுப்பு வண்டல். அத்தை, அதாவது என் மாமியார், டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துக் கேட்டார்: "ஏங்கண்ணு, சிமிட்டி கரைச்சு வெச்ச மாதிரி இருக்குது, இதையா நூறு ரூவா குடுத்துக் குடிக்கறீங்க?"

நிறமும் உண்மையில் சிமெண்ட்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

விடை கிடைத்தது கூல்பாரிலேயே. ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரம். அங்கே ஷேக் போடும் சேட்டன் ஃப்ரீசரிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தார். பாறை மாதிரி உறைந்திருந்தது. அதைக் கல் மேடையில் நாலு தட்டுத் தட்டி, பாக்கெட்டைக் கிழித்து, உடைந்த துண்டுகளை ஜாரில் கொட்டினார். "ஐஸ் போட மாட்டீங்களா சேட்டா?" என்று கேட்டேன். "ஐஸ் இட்டால் வெள்ளமாய்ப் போகும்" என்றார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். எனக்கு என்னவோ அந்த நிமிடம் தமிழ் வெள்ளமும் சேர்ந்தே காதில் விழுந்தது. என் டம்ளரில் ஒரு கோடை முழுக்க ஓடியது அதுதானே.

ஷார்ஜா ஷேக் (வாழைப்பழம் போட்டது), அவில் மில்க் (அவல் போட்டது) என்று கேரளத்தில் எதைக் கேட்டாலும் பெரும்பாலான கடைகளில் அடிப்படை இந்த உறைந்த பால்தான். ஐஸ் உருகினால் தண்ணீர் ஆகும், பால் கட்டி உருகினால் பால்தான் ஆகும். கேட்டால் சின்ன விஷயம். ஆனால் கெட்டியான ஷேக்குக்கு ஐஸ்கிரீம்தான் ரகசியம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேனே, அந்த நம்பிக்கையை இது உடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அதே மாதிரி பாக்கெட்டை ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் பார்த்தால் பாக்கெட்டின் தையல் வாய் பிளந்து, பால் வழிந்து உறைந்து, மீன் டப்பாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும், பாலில் பெரும்பகுதி தண்ணீர். பிதுங்க இடமில்லாத மாதிரி நெருக்கி வைத்தது என் தப்பு. அடுத்த முறை கிண்ணத்தில் ஊற்றி உறையவைத்தேன். அதுதான் மேலே சொன்ன செங்கல், சிவப்புப் பொத்தான் கதை. கடைசியாக ஐஸ் ட்ரேயில் ஊற்றிப் பார்த்தேன். அன்றிலிருந்து இன்றுவரை ட்ரேதான். சின்னச் சின்னக் கட்டியாக இருப்பதால் மிக்ஸிக்குச் சிரமம் இல்லை, வேண்டிய அளவு மட்டும் எண்ணி எடுத்துக்கொள்ளலாம்.

உறைந்த பால் நடுவில் லேசாக மஞ்சளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நான் முதல் தடவை கெட்டுவிட்டது என்று ஒரு ட்ரேயையே கொட்டிவிட்டேன். தண்ணீர் முதலில் உறைந்து, பாலில் உள்ள மற்றவற்றை உள்ளே தள்ளுகிறது. பாலுக்கு இயல்பாகவே உள்ள ரிபோஃப்ளேவின் சத்து அங்கே செறிவாகச் சேர்வதால் மஞ்சள் காட்டுகிறது. உருகினால் பழைய வெள்ளைதான்.

பால் எது என்பதில் அத்தைக்கும் எனக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. பாக்கெட் பால் பாஸ்டுரைஸ் செய்தது, அதாவது ஏற்கனவே சூடாக்கிக் கிருமி நீக்கியது, கடையில் காய்ச்சாமல்தான் போடுகிறார்கள். அத்தையோ காய்ச்சாத பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விடமாட்டார். பக்கத்துத் தோட்டத்தில் கறந்த பால் வாங்கும் நாளில் அவர் சொல்வதுதான் சரி, அதைக் காய்ச்சாமல் தொடவே கூடாது. அதனால் எந்தப் பாலானாலும் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டு ட்ரேயில் ஊற்றுவது என்று சமரசம் ஆகிவிட்டது. ஆடையை எடுக்காவிட்டால் ஷேக்கில் நூல் நூலாக வாயில் தட்டும். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிறைகொழுப்புப் பாலில் 6. வீட்டுக்காரர் பொள்ளாச்சியிலிருந்து ஆவின் ஆரஞ்சு பாக்கெட், அதாவது நிறைகொழுப்புப் பால், கொண்டுவரும் வாரம் ஷேக் தனி ருசி. டோன்டு பாலில் செய்யும் நாளில் ஒரு மேஜைக்கரண்டி பால் பவுடர் சேர்த்தால் அந்தக் குறை பெரும்பாலும் தெரியாது.

இப்போது நான் போடும் அளவு, இரண்டு பெரிய டம்ளருக்கு: உறைந்த பால் கட்டி ஏறக்குறைய 300 மில்லி, குளிர்ந்த பால் 100 மில்லி, ஓரியோ ஆறு, சர்க்கரை இரண்டு டீஸ்பூன், பால் பவுடர் ஒரு மேஜைக்கரண்டி. வெனிலா எசென்ஸ் இரண்டு சொட்டு, இல்லாவிட்டாலும் ஒன்றும் இல்லை. சர்க்கரையை ருசி பார்த்துப் போடுகிறவர்கள் குளிர்ந்த பிறகு பாருங்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். சூடான பாலில் அளவாகத் தோன்றிய சர்க்கரை ஷேக்கில் சப்பென்று போய்விடும். பால் கட்டியை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு அரைத்தால் மிக்ஸிக்கும் நல்லது.

பிஸ்கட் விஷயத்தில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். ஆறையும் சேர்த்து நைஸாக அரைத்தால் அத்தை சொன்ன சிமிட்டிதான். மூன்றை மட்டும் முதலில் பாலோடு அரைக்கிறேன். மீதி மூன்றைக் கையாலேயே நொறுக்கி, கடைசியில் போட்டு, மிக்ஸிக் குமிழை இடதுபக்கம் இரண்டே தட்டு. மூன்றாவது தட்டு வேண்டாம். அப்போதுதான் வெள்ளைப் பாலில் கறுப்புப் புள்ளி புள்ளியாக, கடித்தால் 'நறுக்' என்று வருகிறது. க்ரீமைச் சுரண்டித் தனியாக எடுக்கச் சொல்லிச் சிலர் வீடியோவில் காட்டுகிறார்கள். வீண் வேலை. சர்க்கரையும் கொழுப்பும் வெனிலா மணமும் அதில்தான் இருக்கிறது, பாலில் தானாகக் கரைந்துவிடும்.

ஓரியோ அமெரிக்காவில் 1912-இல் வந்த பிஸ்கட், நம் நாட்டுக் கடைக்கு வந்தது 2011-இல். அமிலத்தைக் குறைத்துப் பதப்படுத்திய கோகோதான் அந்தக் கறுப்புக்கும், லேசான கசப்புக்கும் காரணம். அந்தக் கசப்பு இருப்பதால்தான் இவ்வளவு இனிப்பும் திகட்டாமல் இறங்குகிறது. மற்ற பிஸ்கட்டையும் போட்டுப் பார்த்தேன். போர்பன் போட்டால் நல்ல சாக்லேட் ஷேக் வரும், ஆனால் அது வேறு பண்டம். மளிகைக் கடையில் உதிரியாக வாங்கிய கறுப்பு க்ரீம் பிஸ்கட் ஒன்று பாலில் விழுந்த உடனே கூழாகிவிட்டது. அதற்கு அப்புறம் மிச்சம் பிடிக்கும் ஆசை போயிற்று.

ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டால், விருந்தாளி வந்தால் ஒரு கரண்டி மேலே வைப்பேன், அவ்வளவுதான். வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். நம் நாட்டு விதிப்படி ஐஸ்கிரீம் என்று போட்டிருந்தால் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருந்தால் அது தாவரக் கொழுப்பு. அதைப் போட்ட நாளில் குடித்து முடித்த பிறகும் மேல் அண்ணத்தில் மெழுகு தடவின மாதிரி எனக்கு இருந்தது. பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதை எல்லாம் விட முக்கியமான ஒன்று, ஜார். காலையில் பூண்டுச் சட்னி அரைத்த ஜாரை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் மணத்தை விடாது. ஒரு ஞாயிறு, ஓரியோ ஷேக்கில் பூண்டு வாசம். சின்னவன் ஒரு வாய் குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். இப்போது ஷேக்குக்கென்று தனி மூடி, தனி வளையம் வைத்திருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. கோடையில் கரண்ட் போய்ப் போய் வரும் வாரத்தில் பால் கட்டி பாதி உருகி மறுபடி உறைகிறது. அப்படி உறைந்தது மணல் மணலாக நாக்கில் தட்டும், அதைக் காபிக்குக்கூட வைத்துக்கொள்ளாமல் கொட்டிவிடுவேன். ஸ்ட்ரா இன்னொரு தொல்லை. 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை, காகித ஸ்ட்ராவில் பிஸ்கட் துணுக்கு அடைத்துக்கொண்டு ஸ்ட்ராவே ஊறிப் போகிறது. நீளக் கைப்பிடி ஸ்பூன் கொடுத்துவிட்டேன். அப்புறம், செய்த பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் எடுத்து வைக்காதீர்கள், குல்ஃபி அச்சில் ஊற்றிவிடுங்கள். மறுநாள் குச்சி ஐஸ் தயார்.

மூன்று வருடத்தில் மிக்ஸி ஜாரின் பிளேடு ஒரு தடவை மாற்றியிருக்கிறேன். ட்ரே இரண்டு விரிசல் விட்டுவிட்டது. கூல்பாருக்குப் போவது அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் பொய், மாதம் ஒரு தடவை போகிறோம். அங்கே போனால் மூத்தவள் இப்போது ஓரியோ ஷேக் கேட்பதில்லை, ஷார்ஜாதான் கேட்கிறாள்.

அத்தைக்குச் சர்க்கரை வியாதி. அவர் குடிப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ரீசரைத் திறந்து, துருவிய தேங்காய் டப்பாவை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, ட்ரேயைத் தட்டிப் பார்த்து, "பால் கட்டிப் போச்சு கண்ணு" என்று குரல் கொடுப்பவர் அவர்தான். ஜாரில் ஒட்டிக்கொண்டிருப்பதை வழிக்கும்போது ஒரு ஸ்பூன் எங்கே போகிறது என்று நான் கேட்பதில்லை.