நொச்சி ஒத்தணமா, சுவரில் பந்தா?

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர்களுக்கு இந்த நோவு தெரியும். பயிருக்கு மருந்தடிக்கும் 16 லீற்றர் தாங்கியைக் காலை முழுக்க முதுகில் சுமந்தால், பின்னேரம் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் தசை கல்லாக இறுகிவிடும்.

அம்மாவின் கைமருந்து நொச்சி. இலையைச் சட்டியில் வதக்கி, பழைய சாரத் துண்டில் பொட்டலமாகக் கட்டி, தன் புறங்கையில் சூடு பார்த்த பிறகுதான் என் முதுகில் வைப்பார். சூடு இரத்த ஓட்டத்தைக் கூட்டித் தசையைத் தளர்த்தும். 15 நிமிடம் போதும். அந்தச் சுகத்துக்கு ஈடில்லை. ஆனால் இன்னொருவர் கை வேண்டும். அடிபட்டுப் புதிதாக வீங்கிய இடத்துக்குச் சூடு கூடாது.

மற்றது, பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும் ரெனிஸ் பந்து. சுவருக்கும் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்புக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்து, நோகும் புள்ளியில் அரை நிமிடம் மெல்ல அழுத்த வேண்டும். முள்ளந்தண்டின் மேல் மட்டும் வேண்டாம். தனியாகவே செய்யலாம்.

சரி, எது? படுக்கும் முன் என்றால் நொச்சி. அன்றாடத்துக்கு நான் பந்தைத்தான் சொல்வேன். நெஞ்சு நோ, கை விறைப்பு சேர்ந்து வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.