பாஸ்டலுக்கு எந்தப் பலகை? இறக்குமதிப் போர்டு முதல் ஏசிபி துண்டு வரை

சாஃப்ட் பாஸ்டல் வரைகிறவர்கள் தாளை விட்டுவிட்டுப் பலகைக்கு மாறலாமா என்று கேட்டால், நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்கு மாறத்தான் வேண்டும் என்பேன். (ஆயில் பாஸ்டலைச் சொல்லவில்லை. ஸ்டேஷனரி கடையில் பாஸ்டல் என்று கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள், டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.) சாஃப்ட் பாஸ்டலில் பிசின் ரொம்பக் குறைவு, மீதி நிறத்தூளும் சாக்குத்தூள் மாதிரி நிரப்புப் பொருளும்தான். அது பரப்பின் சொரசொரப்பில் சிக்கிக்கொண்டு நிற்கிறதே தவிர பெயிண்ட் மாதிரி ஒட்டிக்கொள்வதில்லை, அதனால் தாள் கொஞ்சம் வளைந்தாலே உதிரும். ஐப்பசி கார்த்திகை மழையில் தாள் ஈரத்தைக் குடித்து நெளிவது தனிக் கதை. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பாஸ்டலில் முகம் வரைந்தவர்களே தாளை, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிமேல் ஒட்டித்தான் வரைந்தார்கள். பிரெஞ்சு ஓவியர் டெகா டிரேசிங் தாளில் வரைந்ததை அட்டையில் ஒட்டிக்கொண்டார்.

முதலில் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. ஆம்பர்சாண்ட் கம்பெனியின் பாஸ்டல்போர்டு என்பது ஹார்டுபோர்டு மேல் களிமண்ணும் மார்பிள் துகளும் சேர்ந்த பூச்சு. வெள்ளை, சாம்பல், பச்சை, மணல் நிறங்களில் வருகிறது. நல்ல சாமான், அதில் சந்தேகமில்லை. அடியில் வாட்டர்கலர் பூசிக்கொண்டு மேலே பாஸ்டல் போடலாம், பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அதே போர்டில் திரும்ப ஆரம்பிக்கலாம். ஆனால் பரல் கொஞ்சம் தடிப்பு. விரலால் தேய்த்துக் கலக்குகிற பழக்கம் உள்ளவர்களுக்கு நுனித்தோல் எரியும். சின்ன அளவில் முகம் வரைந்தால் கண்ணும் உதடும் துல்லியமாக வராது, பெரிய அளவில் நிலக்காட்சி என்றால் பிரமாதம். விலைதான் இடிக்கிறது, அதிலும் ஒன்றிரண்டு போர்டாக வரவழைத்தால் அனுப்புகிற செலவும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு வழி யூஆர்ட் மணல்தாளை வாங்கிப் பலகையில் ஒட்டிக்கொள்வது. 240 முதல் 800 வரை நம்பர் உண்டு, நம்பர் ஏற ஏற நைஸ். 400 எல்லாவற்றுக்கும் பொது. ஒட்டும்போது நடுவில் காற்றுக்குமிழ் நின்றால் படம் முழுக்க அது தெரியும், பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

சரி, உள்ளூரில் கிடைப்பதற்கு வருவோம்.

பரீட்சை அட்டை. சிரிக்காதீர்கள், பிரவுன் கலர் அட்டைகள் பல அசல் ஹார்டுபோர்டுதான். கிளிப்பைக் கழற்றிவிட்டு, வழுவழுப்பான பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து இரண்டு பக்கமும் பூச்சுக் (கலவையைப் பின்னால் சொல்கிறேன்) கொடுத்தால் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் காய்ந்ததும் வில்லாக வளையும். மரச்சரக்கிலிருந்து கறை மேலே ஏறிப் பூச்சு நாளாவட்டத்தில் பழுப்பதும் உண்டு, அதனால் விற்கிற படத்துக்கு இது வேண்டாம்.

எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தட்டையாக இருக்கிறதே என்று எல்லோரும் அதற்குத்தான் போகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. கனம் ஒரு பக்கம், வெட்டிய ஓரம் ஈரத்தை உறிஞ்சுவது இன்னொரு பக்கம். முன்னும் பின்னும் நாலு ஓரமும் சீல் செய்தால் தாங்கும். குற்றாலச் சாரலில் வைத்து வரைகிற யோசனை இருந்தால் அப்போதும் யோசியுங்கள். பிளைவுட்டில் மரரேகை பூச்சுக்கு மேல் தெரியும், விடுங்கள். சன்போர்டு (பிளாஸ்டிக் நுரைப் பலகை) இலேசு, பிளேடாலேயே வெட்டலாம், ஆனால் நகம் பட்டால் பள்ளம் விழும், சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போனால் வளைந்துவிடும்.

என் ஓட்டு ஏசிபிக்குத்தான். கடை முகப்பில், போர்டுகளில் அடிக்கிறார்களே அதே ஷீட். இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக். ஈரம் குடிக்காது, கறை ஏறாது, 3 மி.மீ. கனமே போதும். முழு ஷீட் 8க்கு 4 அடி, நமக்கு அது எதற்கு? போர்டு அடிக்கிற கடைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டு சுவரோரம் சாய்ந்து கிடக்கும். வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு அண்ணாச்சியிடம் கேட்டபோது, “இந்தத் துண்டுல என்னத்த எழுதப் போறிய தம்பி?” என்றார். படம் வரைய என்றதும், “அதுக்கு இது எதுக்கு, சார்ட் வாங்குங்களேன்” என்று அறிவுரையும் சேர்த்தே கொடுத்தார். துண்டு சகாய விலைதான், கட்டரால் கோடு போட்டு வெட்டித் தரச் சொன்னால் அளவாகவும் கிடைக்கும். ஓரம் கையைக் கிழிக்கும், அரம் வைத்து இழுத்துவிடுங்கள்.

அதன் மேல் பளபளப்பான பூச்சு இருக்கிறது, அப்படியே ஜெஸ்ஸோ (வரைவதற்கு முன் பூசுகிற அடிப்பூச்சு) அடித்தால் தோலாக உரிந்து வரும். மேலே உள்ள பிளாஸ்டிக் படலத்தை உரித்து, 220 உப்புத்தாளால் பளபளப்பு முழுக்கச் சாகிறவரை தேய்த்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஒரு கோட்டுப் பூசி நன்றாகக் காய்ந்ததும் மூலையில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, செல்லோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பூச்சு டேப்போடு வந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். கட்டட வெளிப்புறத்துக்கென்று வருகிற பிவிடிஎஃப் பூச்சு ஷீட்டில் எதுவுமே எளிதில் பிடிக்காது, அது இல்லைதானே என்று கேட்டு வாங்குங்கள்.

பூச்சுக்கு ரெடிமேடாக கோல்டன் கம்பெனியின் பாஸ்டல் கிரவுண்ட், ஆர்ட் ஸ்பெக்ட்ரமின் கலர்ஃபிக்ஸ் இரண்டும் இருக்கின்றன. கலர்ஃபிக்ஸில் நிறம் கலந்ததும் நிறமில்லாததும் வரும். நான் வீட்டிலேயே கலக்குகிறேன்: அக்ரிலிக் ஜெஸ்ஸோ நாலு பங்கு, தூள் ஒரு பங்கு, தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்க்க வருகிற அளவுக்குத் தண்ணீர். தூள் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மார்பிள் தூள் மென்மையான கல், பல் (பாஸ்டலைப் பிடிக்கிற சொரசொரப்பு) சீக்கிரம் மழுங்கும், இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் பாஸ்டல் வழுக்கும். பியூமிஸ் (எரிமலை நுரைக்கல் தூள்) அதை விடக் கடினம், அடுக்கு கூடுதலாகப் பிடிக்கும். ஒர்க்‌ஷாப்காரர்கள் வால்வு தேய்க்கப் பயன்படுத்துகிற கார்போரண்டம் தூள் எல்லாவற்றிலும் முரடு, நைஸ் ரகம் கிடைத்தால் பூச்சே சாம்பல் நிறமாக வந்துவிடும், நமக்கு அது வசதி. கோலப்பொடியைப் போடலாமே என்று தோன்றும். பரல் ஒரே அளவில் இருக்காது, பெரிய பரல் பாஸ்டலைச் சீவித் தள்ளும். கலக்கும்போதும் தேய்க்கும்போதும் மாஸ்க் கட்டாயம். பிரஷ் கோடு வேண்டாமென்றால் ஃபோம் ரோலர்.

குறுக்குத்துறையில் அந்தச் சாம்பல் பூச்சில் வரைந்து பார்த்தேன். ஆற்றுத் தண்ணீர் பட்டு நனைந்த கல்படிக்குக் கருநீலம், மேலே பழுப்பு, அதற்கும் மேலே வெயில் பட்ட விளிம்புக்கு வெளிர்மஞ்சள், அத்தனையும் அடியில் இருந்ததைக் கலைக்காமல் ஏறி உட்கார்ந்தது. ஆனி மாதக் காற்றில் தாள் படபடக்கும், இது கிளிப் போட்ட இடத்தில் அப்படியே நின்றது.

பிரேம் போடும்போது ஒன்று. இலேசாக இருக்கிறதே என்று கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போடச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். துடைக்கிற துடைப்பில் நிலைமின்சாரம் ஏறி, தூளைப் படத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். கண்ணாடிதான். அதுவும் படத்தைத் தொடக் கூடாது, நடுவில் மவுண்ட் அட்டையோ மெல்லிய பட்டையோ கொடுத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பிரேம் கடையில் போட்டோவுக்குச் செய்வது போலவே அழுத்தி அடித்துத் தந்துவிடுவார்கள்.