ஊருக்குப் போனது விடுமுறைக்கு, பார்த்தது குழந்தை டாக்டர்களை

சிங்கப்பூருக்கு விடுமுறைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் வழக்கமாகச் சாப்பாட்டைப் பற்றி எழுதுவார்கள். நானும் லிட்டில் இந்தியாவின் தேக்கா பிரியாணியைப் பற்றி எழுதியிருக்க வேண்டியவள்தான். ஆனால் இந்த முறை தேக்காவுக்குப் பக்கத்தில் எனக்கு அதிகம் பழகிய இடம் ஆஸ்பத்திரியாகிப் போனது. தம்பிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. என் நாலு வயது மகனுக்குப் போய் இறங்கியதுமே காய்ச்சல். அக்கா மகளுக்கு ஓயாத வயிற்றுவலி.

நான் இருக்கும் பர்மிங்காமில் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் குடும்ப மருத்துவர் கடிதம் எழுத வேண்டும், பிறகு தேதி வரும்வரை காத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் காசு கொடுத்தால் அன்றைக்கே பார்த்துவிடலாம். அந்த வேகத்தைத்தான் எல்லாரும் மெச்சுகிறார்கள். எனக்கு அதைவிட மனதில் நின்றது வேறு. நல்ல குழந்தை மருத்துவர், நாம் எதற்காகப் போனோமோ அதை முடித்துவிட்டு, நாம் கேட்காத ஒன்றையும் விசாரிக்கிறார்.

பிள்ளை பிறந்தது கேகே பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அதுதான் பிறந்த இடம். அம்மா பிறந்த 1966-இல் அந்த ஒரே ஆஸ்பத்திரியில் 39,835 பிள்ளைகள் பிறந்து கின்னஸ் சாதனையானது. “படுக்க இடமில்லாம உன் பாட்டி தரையில பாய் விரிச்சுப் படுத்தாளாம்” என்று அம்மா இன்றும் பெருமையாகச் சொல்வார். நான் பிறந்த ஹேம்ப்ஷியர் ரோட்டுக் கட்டடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. ஆஸ்பத்திரி 1997-இல் இப்போதைய புக்கிட் தீமா ரோட்டுக்கு மாறிவிட்டது.

தம்பி மகனின் சுகாதாரப் புத்தகத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ஜி6பிடி குறைபாடு. சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி போதிய அளவு இல்லை என்று பொருள். ஆண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது. சாதாரணமாகப் பிள்ளை நன்றாகவே வளரும். ஆனால் ஒத்துக்கொள்ளாத சில பொருள்கள் பட்டால் சிவப்பணுக்கள் மளமளவென்று உடைந்து மஞ்சள் காமாலை ஏறும். பிறந்த சில நாள் குழந்தைக்கு அது மூளையைத் தாக்கினால் காது போகலாம், கை கால் விளங்காமல் போகலாம், உயிரே போகலாம்.

ஒரு காலத்தில் சிங்கப்பூரில் இப்படிப் பறிபோன சிசுக்கள் நிறைய. ஏன் என்று துருவிப் பார்த்தவர் குழந்தை மருத்துவர் வோங் ஹாக் பூன். பிள்ளையின் உடம்பில் இந்தக் குறைபாடு, வீட்டில் புழங்கும் சில சீன மூலிகைகளும் அலமாரியில் போடும் நாப்தலின் உருண்டையும், இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து என்று புரிந்தது. 1965 முதல் அங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறார்கள். அவரைச் சிங்கப்பூர்க் குழந்தை மருத்துவத்தின் தந்தை என்று சொல்வதில் மிகையே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு காமாலை அளவு பார்க்கப் பலதுறை மருந்தகத்துக்கு (அரசாங்க பாலிகிளினிக்) நானும் போனேன். தாதி ஒரு தமிழ்ப் பெண். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சைக் குதிகாலில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார், சட்டென்று ஒரு குத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தம் ஏறியது. பிள்ளை வீறிட்டதைவிடத் தம்பி முகம் கோணியதுதான் அதிகம். “காலை வெயில்ல காட்டினா இறங்கிடாதா?” என்று அம்மா கேட்டார். “வெயில நம்பி உக்காராதீங்கம்மா, அளவு ஏறுது” என்றார் தாதி. அன்றைக்கே கேகேயில் சேர்த்து, கண்ணைக் கட்டி, அணையாடையோடு நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் வார்டுக்கு வந்த குழந்தை மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. அளவு இறங்குகிறது, நாளைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டவர், கதவருகே நின்று திரும்பினார். பழைய துணி எதையாவது பிள்ளைக்குப் போடுகிறீர்களா, அது எங்கே இருந்தது என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். என் மகன் போட்டுக் கழித்த சட்டைகளை அம்மாதான் அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார், அந்துருண்டை போட்டு. டாக்டர் கோபப்படவில்லை. உருண்டையை இன்றைக்கே குப்பையில் போடுங்கள், அந்தத் துணி இந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்றார். அடுத்த கேள்வி, கல்லில் உரசி ஏதாவது கொடுக்கிறீர்களா. எங்கள் வீட்டு உரைமருந்து அவருக்கு எப்படித் தெரியும் என்று அம்மாவுக்கு ஆச்சரியம். எத்தனை தமிழ்ப் பாட்டிகளைப் பார்த்திருப்பாரோ! சீனப் பாட்டிகளிடம் ஹுவாங் லியான் என்ற சீன மூலிகை பற்றியும் இதே பொறுமையோடுதான் கேட்பாராக இருக்கும். வசம்பு, மாசிக்காய் எதுவும் வேண்டாம், தாய்ப்பால் மட்டும் போதும், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் ஜி6பிடி என்று சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூர்க் குடிமகனான தம்பி மகனுக்குப் பலதுறை மருந்தகத்தில் தேசிய அட்டவணையில் உள்ள தடுப்பூசிகளும் வளர்ச்சிப் பரிசோதனைகளும் இலவசம். 2020 நவம்பரிலிருந்து அரசாங்க மானியம் தரும் சாஸ் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகங்களிலும் அப்படித்தான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என் மகனுக்கு எல்லாமே முழுக் கட்டணம். அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் முதலில் போன இடத்தைப் பற்றித்தான்.

பேரங்காடி மாடியில் ஒரு குழந்தை மருந்தகம், பெயர் வேண்டாம். டாக்டர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், முடிந்தது. வெளியே வந்தால் பை நிறைய மருந்து: காய்ச்சலுக்கு, சளிக்கு, இருமலுக்கு, மூக்கடைப்புக்கு, வாந்தி வந்தால் கொடுக்க ஒன்று. பில் இருநூறு சிங்கப்பூர் வெள்ளியை நெருங்கியது. ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் கடையில் விற்கும் சளி, இருமல் மருந்துகள் வேண்டாம் என்று இங்கிலாந்தில் 2009-இலேயே சொல்லிவிட்டார்கள். காய்ச்சல் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தொடவில்லை. கனமான பையைப் பார்த்தால் நல்ல டாக்டர் என்று நினைக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் போகவில்லை.

காய்ச்சல் விடாததால் அக்கா சொன்ன வேறொரு டாக்டரிடம் போனோம். வயதானவர், மருந்து எதுவும் கூட்டவில்லை. நான் கொண்டுபோயிருந்த இங்கிலாந்துச் சிவப்புப் புத்தகத்தை வாங்கி, எடைக்கோடு, உயரக்கோடு, ஊசிப் பக்கம் என்று நிதானமாகப் புரட்டினார். பிறகு கேட்டார், “சின்னம்மை ஊசி போடலையே. வீட்ல கைக்குழந்தை இருக்கா?” எனக்குச் சுரீரென்றது. இங்கிலாந்தில் அந்த ஊசி 2026 ஜனவரியில்தான் வழக்கமான பட்டியலுக்கு வந்தது, சிங்கப்பூர் அட்டவணையில் 2020-இலேயே சேர்ந்துவிட்டது. பெரிய பிள்ளைக்கு வந்து போகும் சின்னம்மை, பிறந்த குழந்தைக்கு வந்தால் சமாளிப்பது கடினம். காய்ச்சல் விட்டதும் வரச் சொல்லி முதல் ஊசியைப் போட்டார், அடுத்ததை இங்கிலாந்திலேயே போட்டுக்கொள்ளச் சொன்னார். ஊருக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தடுப்பூசிப் புத்தகத்தைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசிக்கொண்டே மகன் கையிலிருந்த போனையும் பார்த்துவிட்டார். 18 மாதம் முதல் 6 வயது வரை திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக என்று சுகாதார அமைச்சின் 2025 வழிகாட்டியைச் சொன்னார். அதைவிட, தினமும் வெளியே விளையாட விடுங்கள், கிட்டப்பார்வை தள்ளிப்போகும் என்றதுதான் எனக்கு உறைத்தது. சிங்கப்பூரில் தொடக்கநிலை மேல் வகுப்பு எதை எட்டிப் பார்த்தாலும் பாதிப் பிள்ளைகள் கண்ணாடியோடு இருப்பார்கள். தம்பி ஏழு வயதிலேயே போட்டுக்கொண்டவன்.

அக்கா மகள் கதை இதையெல்லாம்விட முக்கியம். உயர்நிலை இரண்டு படிக்கிறாள். வயிற்றுவலி, பெரும்பாலும் பள்ளி நாள் காலையில். பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கி, மானியக் கட்டணத்தில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரிக் குழந்தை மருத்துவரிடம் தேதி வாங்கியிருந்தார் அக்கா. “குழந்தை டாக்டரா? நான் என்ன பேபியா?” என்று அவளுக்கு ஒரே வெட்கம். சுவர் முழுக்கக் கரடிப் படம், முட்டி இடிக்கும் சின்ன நாற்காலி, பக்கத்தில் பால்புட்டியோடு ஒரு பொடியன். அவள் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

டாக்டர் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு அக்காவிடம், “நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க. இவங்ககிட்டத் தனியாப் பேசணும்” என்றார். அவள் சொல்வது அவர்கள் இருவருக்குள்தான், யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் பெற்றோரிடம் சொல்வேன் என்று அவள் எதிரிலேயே சொன்னார். வெளியே வந்ததும் அக்கா பொரிந்து தள்ளினார். “என்கிட்ட சொல்லாததையா இவர்கிட்ட சொல்லப் போறா?”

உலகம் முழுக்கப் பதின்ம வயதினருக்கான மருத்துவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். வீடு எப்படி, பள்ளி எப்படி, யாரோடு பழகுகிறாய், சாப்பாடு, தூக்கம், சிகரெட், போதை, உறவு, சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்று எளிதான கேள்வியில் தொடங்கிக் கடினமானதை நோக்கி ஒவ்வொரு படியாகப் போவார்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் முதல் இரண்டோடு நின்றுவிடும். இதை அக்காவிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வெளியே வந்தவள் தொப்பியைக் கழற்றியிருந்தாள். டாக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், இரவு ஒரு மணிவரை விழித்திருப்பதை நிறுத்த வேண்டும் என்றார், அவள் சம்மதத்தோடு பள்ளி ஆலோசகரிடம் பேசப்போவதாகச் சொன்னார். தேவைப்பட்டால் மாணவர்களின் மனநலத்தைக் கவனிக்கும் மனநலக் கழகத்தின் ரீச் குழு இருக்கிறது, 2007 முதல் பள்ளிகளோடு சேர்ந்து வேலை செய்கிறது. இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொன்னார்.

எனக்குக் குறை இங்கேதான். இந்த வயதுப் பிள்ளைகளின் உடம்பைப் பள்ளி நன்றாகவே கவனிக்கிறது. உயரம், எடை, முதுகெலும்பு வளைவு எல்லாம் பார்க்கிறார்கள். 2019 முதல் உயர்நிலை ஒன்று மாணவிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியும் பள்ளியிலேயே. ஆனால் இப்படித் தனியாக உட்கார்ந்து பேசும் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் வாரநாள் காலையில்தான் தேதி கிடைக்கிறது. ஏற்கனவே பள்ளிக்குப் போக வயிறு வலிக்கும் பிள்ளை, அதற்கும் பள்ளியை விட வேண்டும். எங்கே போனாய் என்று நண்பர்கள் கேட்டால் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும். அக்கா சம்பளமில்லா விடுப்பு எடுக்கிறார். பலதுறை மருந்தகங்கள்கூட மாலை நாலரைக்கு மூடிவிடுகின்றன. பெரியவர்களின் பல்லுக்கும் கண்ணுக்கும் இரவு ஒன்பதுவரை திறந்திருக்கும் கடைகள் உள்ள ஊரில், வாரத்தில் ஒரு மாலையாவது பதினாலு வயதுக்காரிக்கு ஒதுக்கக் கூடாதா?