தகட்டைப் பார்க்காமல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள்

பழைய காரை வீட்டில் வைத்துப் புதுப்பிக்கும் ஆர்வம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்துத் தருவதாகச் சொல்லி 6,800 வெள்ளி வாங்கிய ஒரு பட்டறைக்காரர், என் 1967ஆம் ஆண்டு மோரிஸ் மைனரின் ஓட்டைகளுக்குள் செய்தித்தாளைத் திணித்து, மேலே பட்டி (ஓட்டை, பள்ளங்களை நிரப்பும் பசை) பூசி, பெயின்ட் அடித்து அனுப்பிவிட்டார். பட்டறை இங்கே சிங்கப்பூரில்தான், கிழக்குப் பக்கத் தொழிற்பேட்டை ஒன்றில் இருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. அவர் செய்த முறையைச் சொன்னாலே போதும், அந்த ரக ஆள் எதிரே வந்து நின்றால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

என்ஜின், பிரேக், மின்கம்பி வேலைகளை எல்லாம் எங்கள் தரைவீட்டின் முன்புறத்தில் வைத்து நானே செய்தேன். 1098 சிசி என்ஜின் அது. கணினி கிடையாது, மூடுதிரை கிடையாது, திறந்தால் எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கும். பற்றவைப்பும் பெயின்ட் தூவுவதும் மட்டும் வீட்டில் ஆகிற காரியமில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி துணி காயப்போடும் கொடிக்கு நேரே பெயின்ட் துப்பாக்கியைப் பிடித்தால் உறவு என்னாவது?

மோரிஸ் மைனரில் உடலைத் தாங்கத் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. பின்னாளில் மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் கைவண்ணம் இது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. பட்டறையில் அந்தப் பகுதியை 'சில்' என்பார்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு முதலில் இரையாவதும் அதுதான். அங்கே பட்டி பூசுவதை அழகு வேலையில் நடந்த ஏமாற்று என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். மோதினால் உள்ளே இருப்பவர் உயிர் போகும்.

பிரிட்டனில் இந்த வண்டிக்கு இன்றும் புதுத் தகடுகள் கிடைக்கின்றன. இரண்டு பக்கச் சில்லும், பின்சக்கர வில் பட்டை மாட்டும் இடத்துத் தகடுகளும் வரவழைத்தேன். கப்பல் கூலி, 9 விழுக்காடு பொருள் சேவை வரி எல்லாம் கட்டிப் பட்டறையில் ஒப்படைத்தேன். "அண்ணே, கவலையை விடுங்கள். இது என் சொந்த வண்டி மாதிரி" என்றார். தமிழில் பேசினார், தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

முன்பணம் பாதி. பிறகு ஒரு நாள் மாலையில் தொலைபேசி. "தகட்டு வேலை முடிந்தது அண்ணே. பெயின்ட் அறை இன்று இரவுதான் காலி, விட்டால் அடுத்த மாதம்தான். மீதியை அனுப்பிவிடுங்கள்." படம் கேட்டேன், உடனே வந்தது. பளபளவென்று பற்றவைத்த தையல் தெரிந்தது; எந்த வண்டியின் தையல் என்பதுதான் தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துருவைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம் அவர் பேச்சை அலங்காரத்துக்குத் திருப்புவார்: அகலச் சக்கரம் போடலாம், ஜப்பான் என்ஜின் ஒன்று இருக்கிறது, தூக்கி வைத்துவிடலாம் என்று. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் என்ஜினை மாற்றவே கூடாது என்பது அவருக்குத் தெரியாதா? எலும்பைப் பற்றிக் கேட்டால் நகையைக் காட்டும் ஆளிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வண்டி வந்தபோது என்னவோ கல்யாண மாப்பிள்ளை போலத்தான் வந்தது. பிரேக் எண்ணெய் கசிவதைப் பார்க்க வண்டியைத் தூக்கியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஜாக் மேலே போனது, கார் போகவில்லை. 'நொறுக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஜாக்கின் தலை சில்லுக்குள் புதைந்திருந்தது. உதிர்ந்த பட்டி விரல் தடிமன் இருந்தது, வெளிர் இளஞ்சிவப்பு நிறம். உள்ளே கையை விட்டேன். கசங்கிய காகித உருண்டை ஒன்று வந்தது. இழுக்க இழுக்க அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது.

கேட்டதும் அவர் சொன்ன பதில்: "அது பழைய சொந்தக்காரர் செய்த வேலையாக இருக்கும் அண்ணே." உருண்டை ஒன்றைப் பிரித்தேன். ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கம், மேல் ஓரத்தில் தேதி. என் வண்டி அவர் பட்டறையில் நின்ற அதே மாதம். அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு அண்ணனும் இல்லை, பதிலும் இல்லை.

முதலில் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போனேன், பட்டறைக்காரர் மசியவில்லை. பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, நாமேதான் பேச வேண்டும். விசாரணைக்கு முன் பதிவாளர் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார். எங்கள் விவகாரம் அங்கேயே முடிந்தது. 4,500 வெள்ளியும் என் தகடுகளும் திரும்பி வந்தன. தகடுகளைச் சுற்றியிருந்த பிரிட்டன் ஒட்டுநாடாவைக்கூட அவர் பிரிக்கவில்லை. குரோம் முலாம் பூசுவதாக எடுத்துப்போன விளக்கு வளையங்கள் வரவில்லை. பதிலுக்குக் கொடுத்தவை மலிவுச் சரக்கு. கழற்றிய பொருள்களுக்குக் கையெழுத்திட்ட பட்டியல் தர மறுத்தவர் அவர். அந்த இடத்தில் நான் வலுவாக வாதாட முடியவில்லை.

இப்போது வேறு பட்டறையில் அதே வேலை நடக்கிறது. நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: பற்றவைத்த வெறும் தகட்டை நேரில் நான் பார்க்கும்வரை துருத்தடுப்புப் பூச்சுகூட மேலே படக்கூடாது, அடுத்த தவணைப் பணமும் அதுவரை கிடையாது. நேரில் போக முடியாதவர்கள், வண்டியின் எண் பலகையும் பற்றவைத்த இடமும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விலைச்சீட்டில் 'பாடி வேலை' என்று மொட்டையாக எழுதினால் ஏற்காதீர்கள். எந்தத் தகடு, வெட்டி மாற்றுவதா ஒட்டுப் போடுவதா என்று எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே பெயின்ட் அடித்த வண்டி என்றால் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைச் சில்லின் மேல் நகர்த்திப் பாருங்கள். கீழே தகடு இருந்தால் பிடிக்கும். தடித்த பட்டி இருக்கும் இடத்தில் வழுக்கி விழும்.

அந்தப் பட்டறைக்காரர் இப்போது வேறு பெயரில் கடை திறந்திருப்பதாகக் கேள்வி. முன்பணம் கொடுப்பதற்கு முன் நிறுவனத்தின் பதிவு எண்ணைக் கேட்டு, அது எந்த ஆண்டு பதிவானது என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். "முப்பது வருட அனுபவம்" என்று பலகை மாட்டியிருப்பவரின் நிறுவனம் போன மாதம் பிறந்ததாக இருக்கலாம்.